பேரீச்சம்பழத்துக்கும் ஆகாத ஜாடி!

'பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழேம்...'

சின்ன வயசுல இந்தக் குரல் தெருமுனையில கேட்டதும், வீட்டுல நல்லா இருக்கிற கரண்டியையே வளைச்சுத் தூக்கிட்டு ஓடின கோஷ்டியா நீங்க? அப்ப நாம ஒரே கட்சி, கை கொடுங்க! ஆனா ஒண்ணு கவனிச்சிருக்கீங்களா பாஸ்? இரும்பு உண்டு, ஈயம் உண்டு, பித்தளை உண்டு. பீங்கான்? அந்த லிஸ்ட்லயே கிடையாது!

காரணம் சிம்பிள். இரும்பை உருக்கலாம், பித்தளையை உருக்கலாம். உடைஞ்ச பீங்கானை உருக்கி இன்னொரு ஜாடி செய்ய முடியாது. ஒரு தடவை சூளையில வெந்துட்டா வெந்ததுதான், திரும்பக் களிமண்ணாகாது. அதனால எடைக்கு எடை காசு கிடையாது. வீட்டை இடிக்கும்போது மூட்டையோட மூட்டையா பழைய இரும்புக் கடைக்கு வந்து சேரும். அங்கே ஒரு மூலையில, துருப்பிடிச்ச சைக்கிள் ரிம்முக்குப் பின்னாடி தேமேன்னு கிடக்கும்.

அந்த மூலைதான் நம்ம ஏரியா!

கோவில்பட்டியில இருந்து எட்டயபுரம் வழியா விளாத்திகுளம் பஸ். லீவுக்கு ஊருக்கு வர்றப்ப எல்லாம் பழைய இரும்புக் கடை அண்ணாச்சியைப் பார்க்காம இருக்கிறதில்ல. 'என்னம்மா இஞ்சினியரு, இன்னைக்கு எந்த ஓட்டைச் சட்டியத் தேடுத?'ன்னு வரவேற்பு பலமா இருக்கும். அமெரிக்காவுல இதே வேலையைச் செய்றதுக்குன்னே 'த்ரிஃப்ட் ஸ்டோர்' வச்சிருக்காங்க. வேணாம்னு கொடுத்த பொருளை அடுக்கி வச்சு விக்கிற கடை. 'குட்வில்' அமைப்பு 1902-ல பாஸ்டன்ல ஆரம்பிச்ச சங்கதி அது. அங்கே ஏ.சி., டிராலி எல்லாம் உண்டு. நமக்கு வேப்பமரமும், தார்ப்பாயும், அண்ணாச்சியோட நக்கலும்தான். ஆனா த்ரில் ஒண்ணுதான் மக்களே!

காயலாங்கடைக்கும் சீனாவுக்கும் என்ன கனெக்‌ஷன்?

பழைய சாமான் கடைக்குக் 'காயலாங்கடை'ன்னு ஏன் பேரு வந்துச்சு? காயல்பட்டினத்து வியாபாரிகளை வச்சு வந்ததுன்னு பெரியவங்க சொல்வாங்க. அதே காயல் பக்கம்தான் மேட்டரே இருக்கு. தாமிரபரணி கடல்ல கலக்குற இடத்துக்குப் பக்கத்துல இருக்கிற பழையகாயலைத்தான், மார்க்கோ போலோ 13-ம் நூற்றாண்டுக் கடைசியில பெரிய துறைமுகம்னு எழுதி வச்ச காயல்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. ஜப்பான் வரலாற்று ஆய்வாளர் நொபொரு கராஷிமாவும், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர் எ.சுப்பராயலுவும் 1980-கள்ல நம்ம கடற்கரையில தேடினப்ப பழையகாயல்லயும், ராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்துலயும் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைச்சுது. 13, 14-ம் நூற்றாண்டுச் சரக்கு. பச்சை மெருகு போட்டது, வெள்ளையில நீலப் பூ போட்டது... எல்லாம் பாய்மரக் கப்பல்ல வந்து நம்ம கரையில உடைஞ்சது!

வார்த்தைகளும் கப்பல் ஏறித்தான் வந்திருக்கு. 'பீங்கான்' பாரசீக மொழியில இருந்து வந்தது. செட்டிநாட்டுப் பக்கம் 'மங்குச் சாமான்'னு சொல்வாங்களே, அந்த 'மங்கு' மலாய்ப் பேச்சு. வடக்கே ஊறுகாய் ஜாடிக்கு 'மர்த்தபான்'னு பேரு. அது பர்மாவுல ஒரு துறைமுகம். 14-ம் நூற்றாண்டுல ஊர் சுத்தின இபின் பதூதா, இஞ்சி, மிளகு, எலுமிச்சை, மாங்காயை உப்புல ஊறப் போட்ட 'மர்த்தபான்' ஜாடிகள் தனக்கு அன்பளிப்பா வந்த கதையை எழுதியிருக்கார். ஆக, ஊறுகாய்க்கும் ஜாடிக்கும் எழுநூறு வருஷ லவ்வு!

தொட்டுப் பார், தட்டிப் பார்!

சரி, மூலையில கிடக்கிறது பொக்கிஷமா, போன வருஷத்துப் பொருளான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? பர்ஸ் காலியாகி நான் கத்துக்கிட்ட பாடங்களை உங்களுக்கு ஃப்ரீயா தர்றேன்.

*காந்தம்:* நான் முதமுதல்ல 150 ரூபாய் கொடுத்து வாங்கின 'பழைய பீங்கான் தட்டு', வீட்டுல ஸ்பீக்கர் காந்தத்துல போய் 'பச்சக்'னு ஒட்டிக்கிச்சு! அது எனாமல். இரும்புத் தகடு மேல கண்ணாடிப் பூச்சைச் சுட்டு ஏத்தினது. எனாமலும் கேவலம் இல்ல. ஸ்வீடன்லயும் ஜப்பான்லயும் செஞ்ச எனாமல் தூக்கும் தட்டும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகள்ல ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கும். ஆனா எதை வாங்குறோம்னு தெரிஞ்சு வாங்கணும்ல? பையில ஒரு காந்தம் போட்டுக்கோங்க.

*சத்தம்:* நம்ம ஆச்சிகள் பானை வாங்கும்போது விரலை மடக்கித் தட்டுவாங்களே, அதேதான். 'ணங்'னு ஓசை நீண்டா உடம்பு நல்லாருக்கு. 'டொக்'னு செத்துப் போனா எங்கேயோ விரிசல். மண் ஓடு மாதிரி குறைஞ்ச சூட்டுல வெந்த சாமான் நல்லா இருந்தாலும் ஓசை மட்டமாத்தான் வரும். ஒரே வகைச் சாமான் ரெண்டைத் தட்டி ஒப்பிட்டுப் பாருங்க.

*ஒரு சொட்டுத் தண்ணி:* பாத்திரத்தைக் கவுத்துப் போட்டா, அடியில ஒரு வளையம் மெருகு இல்லாம மொட்டையா இருக்கும். சூளைத் தட்டுல ஒட்டிக்கக் கூடாதுன்னு அப்படி விடுவாங்க. அதுல ஒரு சொட்டுத் தண்ணி வைங்க. சர்ருன்னு குடிச்சுட்டா 1,000 - 1,150 டிகிரி செல்சியஸ்ல வெந்த சாதா மண் சாமான். அப்படியே உருண்டு நின்னா 1,200 டிகிரிக்கு மேல வெந்த கல்ஜாடி, இல்லைன்னா போர்ஸலின்.

*டார்ச்:* மெல்லிசான கப், சாசர்னா செல்போன் டார்ச்சை உள்ளே அடிச்சு, வெளியே விரலை வைங்க. விரல் நிழல் தெரிஞ்சா போர்ஸலின் அல்லது போன் சைனா. போன் சைனாவுல நிஜமாவே எலும்புச் சாம்பல் இருக்கு, கிட்டத்தட்ட பாதி! 18-ம் நூற்றாண்டுக் கடைசியில இங்கிலாந்துல ஜோசையா ஸ்போட் செட் பண்ணின ஃபார்முலா. (சைவப் பார்ட்டிகள் டீயைக் கீழே வைக்க வேண்டாம், பழக்கமானதுதானே!)

அதுக்கு முன்னாடி ஐரோப்பாக்காரங்க போர்ஸலின் ரகசியம் தெரியாம மண்டையை உடைச்சுக்கிட்டாங்க. ஜெர்மனியில சாக்ஸனி ராஜா, 'தங்கம் செய்றேன்'னு கதை விட்ட போட்கர்னு ஒருத்தரைப் பிடிச்சு அடைச்சே வச்சார். தங்கம் வரலை. சக ஆய்வாளரோட சேர்ந்து போர்ஸலின் வந்துச்சு! 1710-ல மெய்ஸன் ஊர்ல ஃபேக்டரியே போட்டுட்டாங்க. நம்ம கெமிஸ்ட்ரி லேப்ல எப்பவாவது இப்படி நடந்திருக்கா?

*தூரிகையா, அச்சா?:* பூ வேலையை உத்துப் பாருங்க. தூரிகைன்னா கோடு ஒரு இடத்துல கனமா, ஒரு இடத்துல மெலிசா இருக்கும். ரெண்டு இலை ஒரே மாதிரி இருக்காது. அச்சுன்னா எல்லாம் ஜெராக்ஸ். பழைய இங்கிலாந்துத் தட்டுகள்ல செப்புத் தகட்டுல செதுக்கி, மெல்லிசான தாள்ல எடுத்து, தட்டு மேல ஒட்டி நிறத்தை ஏத்துவாங்க. ஓரத்துல அந்தத் தாள் சேர்ற இடத்துல பூ சரியாப் பொருந்தாம ஒரு வெட்டு தெரியும். அந்தத் தப்புதான் நமக்கு அடையாளம்! நீலத்துல பாலம், மரம், ரெண்டு பறவை இருக்கிற 'வில்லோ' டிசைன் பார்த்தா சீனாக்காரன் போட்டதுன்னு நினைப்போம். அது இங்கிலாந்துல கிளம்பின டிசைன்.

கவுத்துப் போட்டா ஜாதகம்!

முகத்தைப் பார்த்து மயங்காதீங்க, காலைப் பாருங்க! (நான் பாத்திரத்தைத்தான் சொன்னேன்.) அடியில இருக்கிற முத்திரைதான் பீங்கானோட ஜாதகம்.

அமெரிக்கா 1890-ல ஒரு வரிச் சட்டம் போட்டு, 1891-ல இருந்து இறக்குமதிப் பொருள்ல செஞ்ச நாட்டுப் பேரு இருக்கணும்னுச்சு. அதனால 'நிப்பான்'னு இருந்தா பெரும்பாலும் 1891 - 1921. அதுக்கப்புறம் 'ஜப்பான்'. 'ஆக்குபைட் ஜப்பான்'னு இருந்தா இரண்டாம் உலகப்போர் முடிஞ்சு அமெரிக்கப் படை அங்கே இருந்த காலம், 1952-க்கு முன்னாடி. 'செக்கோஸ்லோவாக்கியா'ன்னா 1918-ல இருந்து 1992-க்குள்ள. 'மேற்கு ஜெர்மனி'ன்னா 1949 - 1990. உலக வரலாறு பரீட்சையில மறந்தாலும் சாசர் அடியில மறக்காது!

நம்ம நாட்டுச் சரக்குக்கும் வழி இருக்கு. கல்கத்தா பெங்கால் பாட்டரீஸ், குவாலியர் பாட்டரீஸ்னு கம்பெனிப் பேரு போட்ட பொருளெல்லாம் கிடைக்கும். கூடவே முகவரி இருந்தா ஜாக்பாட். ஆறு இலக்க பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15-ல. அதனால பின்கோடு இருந்தா அதுக்கு அப்புறம் செஞ்சதுதான். ஊர்ப் பேருக்குப் பின்னாடி ஒண்ணு, ரெண்டு இலக்கம் மட்டும் இருந்தா பழைய பாணி. 'மைக்ரோவேவ்ல வைக்கலாம்'னு எழுதியிருந்தா... தாத்தா காலத்துப் பொருள்னு யாராவது சொன்னா சிரிச்சுட்டு நகர்ந்துடுங்க.

ஒரு எச்சரிக்கை: முத்திரையையும் போலியாப் போடுவாங்க. பழசுக்கு நிஜச் சாட்சி தேய்மானம். ஐம்பது வருஷம் தரையில இழுபட்ட ஜாடிக்கு அடிவளையம் வழவழன்னு இருக்கும். சாசர் நடுவுல கப் உரசின வட்டம் இருக்கும். முத்திரை மட்டும் கிழவி, உடம்பு குமரின்னா சந்தேகப்படுங்க. ஒட்டுப் போட்டு மறைச்சதைக் கண்டுபிடிக்கக் கள்ள நோட்டு பார்க்கிற ஊதா லைட் உதவும். பல பசைகள் அதுல தனியாப் பளபளக்கும்.

ஆசை இருக்கட்டும், அரசாங்கமும் இருக்கு!

இதைச் சீரியஸாப் படிங்க. பழைய மெருகுகள் பலதுல ஈயம் உண்டு. ஈயம் சேர்த்தா மெருகு குறைஞ்ச சூட்டுலயே உருகி, பளபளன்னு வரும். ஆனா புளியும் எலுமிச்சையும் ஊறும்போது அந்த ஈயம் சாப்பாட்டுல இறங்கும். குழந்தைங்க மூளையைப் பாதிக்கிற விஷம் அது. பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணுமே இல்லைன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. 1930-கள்ல அமெரிக்காவுல வந்த ஆரஞ்சு கலர் 'ஃபியஸ்டா' தட்டுகள்ல யுரேனியமே கலந்திருந்தாங்கன்னா பார்த்துக்கோங்க! அதனால மெருகுல சிலந்தி வலை மாதிரி விரிசல் ஓடினது, பூ வேலை விரலுக்குத் தட்டுப்படுறது, முன்னாடி என்ன வச்சிருந்தாங்கன்னு தெரியாதது... இதெல்லாம் அலமாரிக்கு மட்டும். ஊறுகாய்க்கு வேணாம். பார்த்துச் சொல்ல முடியாது, லேப்லதான் தெரியும்.

அடுத்தது சட்டம். மண்ணுக்குள்ள இருந்து எடுத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல மதிப்பு இருந்தாலே கலெக்டருக்குத் தெரிவிக்கணும்னு 1878-ம் வருஷப் புதையல் சட்டம் சொல்லுது. நூறு வருஷம் தாண்டின, வரலாற்று மதிப்புள்ள பொருளை லைசென்ஸ் இல்லாம வியாபாரம் பண்ணவோ, நாமா வெளிநாட்டுக்கு அனுப்பவோ 1972-ம் வருஷத் தொல்பொருள் சட்டப்படி முடியாது. கடற்கரையில பழைய ஓடு தட்டுப்பட்டா பையில போடாதீங்க. எடுத்த இடம் தெரியாத ஓடு, ஊமை. கிடந்த இடத்துல கிடந்தாத்தான் அது பேசும்.

அப்புறம் ஒரு ஆச்சி...

போன மாசம் நடந்தது இது.

அண்ணாச்சி கடைக்கு ஒரு மூட்டை வந்திருந்துச்சு. யாரோ பழைய வீட்டை இடிச்சுக் கட்டுறாங்களாம். உள்ளே ஒரு ஜாடி. மேல பாதி காபிக் கலர், கீழ் பாதி சந்தனக் கலர், இடுப்பளவு தூக்கினா கை வலிக்கிற கனம். தட்டினேன், 'ணங்!' அடிவளையத்துல தண்ணி வச்சேன், உருண்டு நின்னுச்சு. அடியில அழுத்திப் போட்ட இங்கிலீஷ் எழுத்து, பாதி தேஞ்சு போயிருந்துச்சு. மெருகுல ஒரு விரிசல் இல்ல. எனக்குக் கையெல்லாம் நடுக்கம்! அண்ணாச்சி '80 ரூவா குடு'ன்னார். கொடுத்துட்டேன். இதுக்குக் காரைக்குடியில பத்து மடங்காவது சொல்வாங்கன்னு மனசு கணக்குப் போட்டுச்சு. மடியில வச்சு துடைச்சுக்கிட்டு இருக்கேன்...

ஒரு ஆச்சி வேகாத வெயில்ல வந்து நின்னாங்க. 'அய்யா, எம் மவன் இங்கன ஒரு மூட்டை போட்டானாமே... அதுல ஒரு சாடி இருந்துச்சா?'

அண்ணாச்சி ஒண்ணும் பேசலை. என்னைப் பார்த்தார். அவ்வளவுதான். 'அது வித்துப் போச்சு'ன்னு சொல்லிடுவார்னு நான் காத்திருந்தேன், சத்தியமா. எனக்குத்தான் சட்டம் பேசத் தெரியுமே! காசு கொடுத்தாச்சு, பொருள் என்னுது. ரெண்டு நிமிஷம் பேசாம இருந்தாப் போதும், ஆச்சி போயிருவாங்க.

அந்த ரெண்டு நிமிஷத்தைப் பத்தி நான் எங்க அம்மாகிட்ட கூடச் சொல்லலை. உங்ககிட்டதான் சொல்றேன்.

'இதுவா பாருங்க ஆச்சி'ன்னு நீட்டினேன்.

ஆச்சி அடியில இருக்கிற முத்திரையைப் பார்க்கவே இல்ல. விரலை மடக்கி வயித்துல ஒரு தட்டு. காதைப் பக்கத்துல வச்சுக் கேட்டாங்க. மூக்கை உள்ளே விட்டு மோந்தாங்க. அடிவளையத்துல எச்சில் தொட்டு வச்சுப் பார்த்தாங்க. நான் நெட்டுலயும் புத்தகத்துலயும் ஆறு மாசம் படிச்ச டெஸ்ட் எல்லாம் அரை நிமிஷத்துல முடிஞ்சுது! அப்புறம் கழுத்துப் பக்கம் விரலால தடவி ஒரு சின்னப் பள்ளத்துல நிறுத்தினாங்க. அது என் கண்ணுல படவே இல்ல.

'இது எம் மவ நடை பழகுறப்ப ஆப்பையால அடிச்சது. அவ இப்ப இல்ல.'

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன், அண்ணாச்சி தராசைப் பார்த்தார்.

'சும்மா எடுத்துட்டுப் போங்க ஆச்சி'ன்னேன். 'ஏத்தா, நீ என்ன எனக்குத் தர்மம் பண்ணுதியா? எம்புட்டு குடுத்த?'ன்னு சுருக்குப்பையை அவிழ்த்து 80 ரூபாயை எண்ணி என் கையில வச்சாங்க. எட்டும் பத்து ரூபாய்த் தாள். வாங்கிக்கிட்டேன். வாங்காம இருந்தாத்தான் தப்புன்னு அவங்க முகம் சொல்லுச்சு.

ஜாடியைத் தூக்கி இடுப்புல வச்சவங்க, மூடியை மட்டும் எடுத்து என் கையில கொடுத்தாங்க. 'இது இதோட மூடி இல்லத்தா. என் சாடி மூடி அப்பவே ஒடஞ்சு போச்சு. நான் துணிதான் கட்டி வப்பேன். இது வேற எதோ வீட்டுது.'

இதையும் நான் கண்டுபிடிக்கலை. ரெண்டும் ஒரே காபிக் கலர், பொருத்தமா உட்கார்ந்திருந்துச்சு. ஜாடிக்கு வயசு என்ன, எந்தச் சூட்டுல வெந்துச்சு, எந்த ஊர்ல செஞ்சாங்கன்னு கண்டுபிடிக்க நமக்கு வழி இருக்கு. அது யாரோடதுன்னு கண்டுபிடிக்க ஒரே வழிதான் மக்களே... கேக்கணும். அதனால இப்ப எல்லாம் அண்ணாச்சி கடையில நான் முதல்ல கேக்கிறது விலை இல்ல. 'எந்த வீட்டுல இருந்து வந்துச்சு அண்ணாச்சி?' உங்க வீட்டுப் பரண்லயும் ஒரு ஜாடி இருக்கும். மூட்டை கட்டறதுக்கு முன்னாடி ஆச்சியைக் கூப்பிட்டு ஒரு தடவை காட்டிடுங்க.

அந்த மூடி? என் ஹாஸ்டல் மேஜையில கவுத்துப் போட்டு, அதுல சாவியும் அழிரப்பரும் வச்சிருக்கேன். அதுக்கும் எங்கேயோ ஒரு ஜாடி இருக்குமே... தேடிக்கிட்டிருக்கேன்.

அடுத்த வாரம் பார்க்கலாம். வர்ட்டா!